வடக்குக் கயிறு

கடைசிப் படகு புறப்படுவதற்குள் அஜித்தா ஏறிவிட்டாள். ஏறாதே என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கோபம். சொல்லியிருந்தால் திருப்பி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்களோ சட்டிகளையும் தறப்பாள் சுருள்களையும் பார்த்துக்கொண்டு, இடம் காணாது, பாரம் கூடிப்போச்சு, காற்று எழும்புகிறது என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படகின் முன்பக்க அணியத்தில் ஒரு பாய்க்கட்டு ஓர் ஆளின் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அஜித்தா அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அது கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப இடம் காணுமா?" என்று கேட்டாள்.

படகோட்டி எஞ்சினை முடுக்கினான். அவளுடைய தாய் டொறத்தி கழுத்துச் செபமாலையைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை அது. அதோடு கரைவலைக்கும் சீசன் முடிவு. தென்மேற்குச் சோழகக் காற்று எழும்பிவிட்டால் மேற்குக் கடலில் வலை போட முடியாது. வலையைக் காயவைத்துக் கொட்டிலில் ஏற்றியதும், அதில் இழுக்கும் ஏழு குடும்பங்களும் குஞ்சு குருமானோடு நண்டுத்திட்டி என்ற மணல்தீவுக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வருவார்கள். கற்பிட்டியிலிருந்து படகில் களப்பு என்ற கடல்நீர் ஏரி வழியாக முக்கால் மணி நேரம். திட்டியின் ஒரு பக்கம் கண்டல் காடு, மற்றப் பக்கம் வெள்ளை மணல், நடுவில் நண்டுகள். நல்ல தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது. தண்ணீர்க் கான், விறகு, அரிசி, தேங்காய், பாண், பாட்டுப்பெட்டி என்று எல்லாவற்றையும் கொண்டுதான் போக வேண்டும். வருஷம் முழுக்க மணலில் கிடந்து எழும்புகிற சனம், சந்தோஷத்துக்கு என்று புறப்பட்டுப்போய் இன்னொரு மணலில் கிடப்பதைப் பார்த்து ரஸாக் நானாவுக்குச் சிரிப்பு அடங்காது. அவர் கற்பிட்டி மீன் வியாபாரி. இந்த வலையின் மீனை இருபது வருஷமாக எடுப்பவர். சிரித்துவிட்டு, மனைவி றம்லாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பவரும் அவர்தான். இந்த வருஷம் கொழும்பிலிருந்து நாலு கூடாரம் வேறு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவற்றை விரித்து நிறுத்துவதற்குள் ஆம்பிளைகள் ஆறு பேர் வேர்த்துப்போனார்கள்.

அஜித்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த இரண்டு நாள்தான் வருஷம். நத்தார்ப் பண்டிகை வரும் போகும். திட்டிக்குப் போகும் நாளை அவள் சுவரில் கோடு போட்டு எண்ணுவாள். சுட்ட மீனின் மணம், கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டி உடைக்கப் போய் யாரோ ஒருவரின் முதுகில் போடும் அடி, பைலாப் பாட்டுக்கு டொறத்திகூட ஒரு கை வீசி ஆடுவது, எல்லாம் அவளுக்கு வேண்டும். இருபத்தேழு வயதாகியும் அந்த ஆசை ஒரு சொட்டுக் குறையவில்லை. அதை ஏன் விட வேண்டும் என்று அவளுக்கு விளங்கவும் இல்லை.

ஆனால் ஊருக்கு விளங்கியிருந்தது. அஜித்தா புருஷனை விட்டுவிட்டு வந்தவள். புருஷன் சஜீவன், வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி இன்னாசிப்பிள்ளையின் ஒரே மகன். அவனும் திட்டிக்கு வருவான். இரண்டு பேரும் எப்படி ஒரே மணலில்? சஜீவனின் தாய் பாக்கியம்மா பெரிய வியாழன் பூசை முடிந்து வரும்போது டொறத்தியை மறித்து, மெதுவாகத்தான் சொன்னாள். "இந்த ஒரு வருசம் மட்டும் பிள்ளை வீட்டில நிக்கட்டும் டொறத்தி. ஒரு வருசந்தானே."

அதைக் கேட்டதும் அஜித்தாவுக்கு மண்டை கொதித்தது. "ஏன், அவர் நிக்கட்டும். அவருக்கும் ஒரு வருசந்தானே," என்றாள். டொறத்தி அந்தப் பதிலைப் பாக்கியம்மாவிடம் கொண்டுபோகவில்லை.

சஜீவன் குடிகாரன் இல்லை. கை நீட்டியவனும் இல்லை. அதனால்தான் ஊருக்கு அவள் மேல் இவ்வளவு கோபம். அவன் செய்தது ஒன்றுதான்: வெளியே போகும்போதெல்லாம் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். கல்யாணம் முடிந்த இரண்டாம் கிழமை தொடங்கியது. காவலுக்கு என்றான். காலம் கெட்டுக் கிடக்கிறது என்றான். பித்தளைப் பூட்டு, திறப்பு அவன் இடுப்பில். கேட்டவர்களெல்லாம் உன் மேல் எவ்வளவு பாசம் என்றார்கள். ஏழு மாதம் அவள் அந்தப் பாசத்துக்குள் இருந்தாள். ஆவணியில் தலவில் தேவாலயத்தில் அன்னம்மாள் திருநாள் வந்தது. பிள்ளை வரம் கேட்கப் போகிறேன் என்று சொல்லி, வரம் வேண்டிய பெண்சாதியைப் பூட்டி வைத்துவிட்டு, அவன் சிநேகிதர்களோடு போனான். தெருவில் திருநாள் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹோன் அடித்துக்கொண்டு போயின. அஜித்தா குசினி மேசை மேல் கதிரையைப் போட்டு ஏறி, கூரைக் கிடுகைப் பிரித்து, வெளியே குதித்தாள். குதித்தவள் நேரே தாய் வீட்டுக்கு ஓடியிருந்தால்கூடச் சனம் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கும். அவள் தலையில் கிடுகுத் தும்போடு பஸ் ஏறித் திருநாளுக்குப் போனாள். பூசை கண்டாள். கடலை வாங்கித் தின்றாள். பிறகுதான் தாய் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குக் கூரை பிரித்தவள் என்று பெயர்.

இவ்வளவையும் ஊர் மன்னித்திருக்கும், கயிறு ஒன்று இல்லாவிட்டால்.

கரைவலைக்கு இரண்டு கயிறு. வலையைக் கடலில் வளைத்துப் போட்டபிறகு ஒரு நுனியை வடக்கே நிற்கிறவர்களும் மறு நுனியைத் தெற்கே நிற்கிறவர்களும் இழுப்பார்கள். எந்தக் குடும்பம் எந்தக் கயிறு என்பது பாட்டன் காலத்திலிருந்து மாறாது. மாறுவது பெண்கள்தான். கல்யாணம் கட்டிய பெண் தகப்பனின் கயிற்றை விட்டுப் புருஷனின் கயிற்றுக்குப் போய்விடுவாள். திட்டியில் இரண்டாம் நாள் பின்னேரம், வருஷம் முழுக்க ஒரே வலையை இழுத்தவர்கள், ஒரே ஒரு தடவை எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் இழுப்பார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அடுத்த வருஷம் வரை சனம் மறக்காது. போன வருஷம் புதுப்பெண்ணாக அஜித்தா தெற்குக் கயிற்றில் சஜீவனுக்குப் பின்னால் நின்றாள். தெற்குதான் வென்றது. அந்த இரண்டு நாளும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் தறப்பாள் கொட்டிலுக்குப் பூட்டு இல்லை.

இந்த வருஷம் அவள் தெற்கே நின்றால், திரும்பிப் போகச் சம்மதம் என்று பொருள். நிற்காமல் சட்டியடியில் இருந்தால், யோசிக்கிறாள், இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குப் போவாள் என்று பொருள். தகப்பன் அமல்ராஜின் வடக்குக் கயிற்றில் நின்றால், போகவேமாட்டாள் என்று பொருள். அவள் வந்தது வடக்குக் கயிற்றைப் பிடிக்கத்தான். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படகில் இடம் காணாமல் போனது அதனால்தான்.

முதல் நாள் பின்னேரம் கிளித்தட்டு நடந்தது. ஈர மணலில் குதிக்காலால் கோடு இழுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் ஆள் மறிக்க நின்றார்கள். தொடுபடாமல் கடைசிக் கோடு வரை போய்த் திரும்பி வர வேண்டும். ஆள் பிரிக்கையில் அஜித்தாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. றம்லாதான் கூப்பிட்டாள். "இஞ்ச வா புள்ள, எங்கட பக்கம் ஓடத் தெரிஞ்ச ஒரு ஆளும் இல்ல." அஜித்தா பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் கோட்டில் நின்றவன் சஜீவனின் சித்தப்பா மகன். அவள் பாய்ந்ததும் கையை நீட்டினான், பிறகு இழுத்துக்கொண்டான். இரண்டாம் கோட்டிலும் அப்படித்தான். மூன்றாம் கோட்டில் நின்றவன் அங்கால் பக்கம் பார்த்தான். ஒருவரும் அவளைத் தொடவில்லை. ஆட்டத்தில் சேர்க்க முடியாத சின்னப் பிள்ளைகளை உப்புக்குச் சப்பாணி என்று ஓட விடுவார்களே, அப்படி அவளை விட்டார்கள். கடைசிக் கோட்டில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். நேரே மூன்றாம் கோட்டுக்காரனின் முன்னால் போய் நின்றாள்.

"தொடு," என்றாள்.

"நீங்க போங்க மச்சாள்."

"நான் என்ன பேயா? கைக்கெட்டின தூரத்தில நிக்கிறன். தொட்டா நான் அவுட். தொடு!"

அவன் சஜீவன் இருந்த பக்கம் பார்த்தான். சஜீவன் தலையைக் குனிந்து தூண்டில் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். கடைசியில் கோட்டுக்காரன் ஒற்றை விரலால் அவள் தோளைத் தொட்டான். "அவுட்!" என்று அஜித்தாவே கத்தினாள். கத்திவிட்டு வெளியே வந்து மணலில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. அடுத்த ஆட்டத்தில் மூன்று தடவை அவளைத் தொட்டார்கள். ஒரு தடவை அவள் முகம் குப்புற விழுந்தாள். வாய்க்குள் மணல் போனது. நீண்ட நாளைக்குப் பிறகு அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

இரண்டாம் நாள் காலை நண்டுக் கறிக்கு அஜித்தா தேங்காய் திருவிக்கொண்டிருந்தபோது அமல்ராஜ் மகளுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். தெற்குக் கயிற்றின் கடைசி ஆள் இன்னாசிப்பிள்ளை என்றால், வடக்குக் கயிற்றின் கடைசி ஆள் அமல்ராஜ். முப்பத்திரண்டு வருஷம் அந்த மனிதனின் வலையில் நின்றவர். பேச்சு வராத மனிதர். அன்றைக்கு எங்கிருந்தோ வரவழைத்தார்.

"ரஸாக்கிட்டக் கதைச்சிட்டன். கயிறு இழுக்கேக்க விசில நீ ஊதன், பிள்ளை. நடுவர் எண்டா மரியாதைதானே."

"விசில் ஊத நான் என்ன பொலிசா அப்பா?"

"சம்மாட்டி சொல்லிப்போட்டார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ வடக்கில நிண்டா, வாற சீசனுக்கு வடக்குக் கயிற்றுக்கு வேற தலையாளப் பாக்கிறாராம்."

அஜித்தா திருவுவதை நிறுத்தினாள். தகப்பனின் உள்ளங்கையைப் பார்த்தாள். கயிறு ஓடி ஓடி அந்தக் கையில் ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை. அவளுக்குப் பாவமாக இருந்தது. அதே நேரம் எரிச்சலாகவும் இருந்தது. ஒரு மனிதன் தன் மகனின் பூட்டுக்கு இன்னொரு மனிதனின் சோற்றை ஈடு வைப்பானா? வைப்பான் போலிருக்கிறது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல."

"அதுதான் அப்பா பிழை," என்றாள். அவர் எழுந்து போய்விட்டார்.

மத்தியானச் சாப்பாடு வழக்கம்போலப் பெரிய கூத்து. றம்லா வீட்டிலிருந்து கொண்டுவந்த கோழியை அவளே தனிச் சட்டியில் சமைத்து, எல்லோருக்கும் அள்ளி வைத்தாள். ஆம்பிளைகள் பழைய கதைகளை எடுத்தார்கள். கயிற்றிழுப்பு என்றால் தவறாமல் வரும் கதை ஒன்று உண்டு. கரைவலையில் கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு நடந்து நடந்து, கடைசியில் நிற்கிற ஆள் பற்றையடிக்கு வந்து முட்டியதும், கயிற்றை விட்டுவிட்டு, கீழே இறங்கி முன்னால் போய்த் திரும்பப் பிடிக்க வேண்டும். அப்படித்தான் ஒருவர் மாறி ஒருவர் போவார்கள், வலையும் வந்துகொண்டிருக்கும். நாற்பது வருஷம் அப்படி நடந்த கால், போட்டியிலும் சில நேரம் அப்படியே நடந்துவிடும். கடைசி ஆள் தன்னை மறந்து கையை விட்டுவிட்டு முன்னுக்குப் போவான். அவனுடைய பக்கம் முழுவதும் மூக்கடிபட விழும். வேறு ஊர்க்காரன் செய்யமாட்டாத பிழை. இரண்டு வருஷத்துக்கு முன் அமல்ராஜே அதைச் செய்தார். அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர் இன்னாசிப்பிள்ளை. சிரித்து முடித்து, இனிமேல் கயிறு விட்டவன் அடுத்த நாள் காலை முகாமின் சட்டி பானை முழுவதையும் தனியாகக் கழுவ வேண்டும் என்று சட்டமும் போட்டார். அமல்ராஜ் கழுவினார். இன்றைக்கும் இன்னாசிப்பிள்ளை அந்தக் கதையைச் சொல்லி, "அமல், இந்த முறை சவுக்காரம் கொண்டந்தியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அமல்ராஜும் சிரித்தார். மகளுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கிய நேரம் அஜித்தா கோழிச் சட்டியைக் கழுவத் தண்ணீரடிக்குப் போனாள். சஜீவன் பின்னால் வந்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை அவன் தனியாக அவளிடம் கதைக்கிறான். மெலிந்திருந்தான். பார்க்க இரக்கமாகத்தான் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றான்.

"ஓம்."

"பூட்டக் கழற்றிப்போட்டன் அஜித்தா. இப்ப கதவு சும்மாதான் கிடக்கு. என்ட பின்னால வந்து நில்லு. போன வருசம் மாதிரி. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

அவள் அவனுடைய இடுப்பைப் பார்த்தாள். சாரத்துக்கு மேலே, மீன் வெட்டும் கத்தியோடு, கறுப்பு நூலில் அந்தச் சின்னப் பித்தளைத் திறப்புத் தொங்கியது.

"பூட்டு இல்லையெண்டா திறப்பு எதுக்கு?"

சஜீவன் குனிந்து பார்த்தான். அது அங்கே இருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்ததுபோலக் கையால் பொத்தினான். நூலை அறுத்துக் களப்பில் எறிந்திருக்கலாம். கத்தி பக்கத்திலேயே இருந்தது. அவள் சட்டியைக் கையில் பிடித்தபடி அதற்காகக் கொஞ்ச நேரம் நின்றாள் என்பதும் உண்மை. அவன் பொத்திய கையை எடுக்கவில்லை. அவள் சட்டியை இரண்டு தரம் அலசிக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

நாலரைக்கு ரஸாக் விசில் ஊதினார். வலையின் பழைய கயிற்றை மணலில் நீட்டி, நடுவில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். துணிக்கு நேரே மணலில் நடுக்கோடும், இரண்டு பக்கமும் வெற்றிக்கோடும் இழுத்திருந்தார்கள். தெற்கே வரிசை மளமளவென்று நின்றுவிட்டது: முன்னால் சஜீவன், கடைசியில், கண்டல் பற்றைக்கு ஏழெட்டு அடி முன்னே, இன்னாசிப்பிள்ளை. அறுபத்தெட்டு வயதிலும் மனிதன் நட்டுவைத்த கட்டைபோல நின்றார். சஜீவனுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். வேண்டுமென்றே விட்ட இடம். வடக்கே பதினொரு பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, இடைவெளியே இல்லாமல் நின்றார்கள். அதுவும் வேண்டுமென்றுதான்.

அஜித்தா இரண்டுக்கும் நடுவில் நின்றாள். காற்றில் பாவாடை படபடத்தது.

"பிள்ளை, உன்ட இடம் இருக்கு," என்று இன்னாசிப்பிள்ளை அங்கிருந்தே சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

"எனக்குத் தெரியும் மாமா," என்று சொல்லிவிட்டு அவள் வடக்கே நடந்தாள்.

முன்னால் நின்ற இரண்டு பேரும் நகரவில்லை. மூன்றாவது ஆள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணலைப் பார்த்தான். அவள் வரிசை நெடுகப் போனாள். எல்லா முகமும் தெரிந்த முகம். தூக்கி வளர்த்தவர்கள், கூடப் படித்தவர்கள். இடித்துக்கொண்டு புகவும் அவள் தயார்தான். ஏழாவதாக நின்றவள் டொறத்தி. டொறத்தியின் கண் சம்மாட்டியின் மேல் இருந்தது. பிறகு அவள் ஓர் அடி பின்னுக்கு வைத்தாள். பின்னால் நின்றவனின் கால் மிதிபட்டு அவன் "ஆ" என்றான். டொறத்தி இன்னோர் அடி வைத்தாள்.

"நான் இந்தக் கயிற்றுக்கு வந்து முப்பது வருசம்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "விருப்பமா எண்டு என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. என்ட மகள் தானாக் கேட்டு வாறாள். உள்ள வா அஜித்தா."

அஜித்தா உள்ளே நுழைந்து கயிற்றைப் பிடித்தாள். தும்பு உள்ளங்கையில் குத்தியது. திடீரென்று றம்லா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அபாயாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வந்து அஜித்தாவுக்கும் டொறத்திக்கும் நடுவில் புகுந்தாள்.

"நீ எங்க போற?" என்று ரஸாக் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு கத்தினார். "எங்களுக்குத்தான் கயிறில்லையே!"

"இருவது வருசமா இந்த வலைட மீனத்தானே திங்கிறோம்! ஊதுங்க விசில!"

கடைசியிலிருந்து அமல்ராஜின் குரல் வந்தது. அவ்வளவு நேரமும் அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. "காலப் புதைச்சு நில்லு பிள்ளை," என்றார். "குதியால. விரலால இல்ல." அஜித்தாவுக்கு அது போதும். குதிக்கால் இரண்டையும் மணலுக்குள் இறக்கினாள்.

விசில் ஊதியது.

வடக்கு தோற்கத் தொடங்கியது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. தெற்கில் பாரமான ஆட்கள், கோபம் வேறு. புதைத்த குதிக்கால் மணலை உழுதுகொண்டு போனது. சிவப்புத் துணி அங்குலம் அங்குலமாகத் தெற்கே நகர்ந்தது. முன்னால் நின்ற இரண்டு பேர் விழுந்து எழும்பினார்கள். அஜித்தாவின் உள்ளங்கை உரிந்தது; விடவில்லை. றம்லா அவளுடைய காதுக்குள் "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று மூச்சோடு மூச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தோற்றாலும் வடக்கிலேயே நின்று தோற்கிறேன் என்று அஜித்தா பல்லைக் கடித்தாள். ஒரு வருஷம் சனம் கதைக்கட்டும். வடக்கில் நின்றாள் என்றுதானே கதைக்கும்.

வெற்றி கைக்கு வந்துவிட்ட தெம்பில் தெற்குக்காரர் அம்பா பாடத் தொடங்கினார்கள். வலை இழுக்கும்போது பாடுகிற அதே பாட்டு. ஓர் ஆள் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று சேர்ந்து இழுத்தார்கள். ஏலேலோ, ஓர் அடி. ஏலேலோ, இன்னோர் அடி. பாட்டு ஏற ஏற அடி ஒழுங்காக விழுந்தது. துணி கோட்டைத் தொட இன்னும் ஒரு சாண்தான். இன்னாசிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக்குத் தலையை ஆட்டியபடி பின்னுக்கு வைத்த காலில் கண்டல் பற்றை முட்டியது.

அவர் கையை விட்டார்.

ஐம்பது வருஷம் செய்ததைத்தான் செய்தார். கயிற்றை விட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் வரிசை நெடுக முன்னால் நடந்தார். வாய் பாட்டை விடவில்லை. பின்பாரம் போன தெற்கு வரிசை ஆட்டம் கண்டது. "இப்ப!" என்று அமல்ராஜ் போட்ட சத்தத்தில் கண்டலிலிருந்த கொக்குகள் எழும்பின. வடக்கு மொத்தமும் மல்லாந்து விழும் அளவுக்கு ஓர் இழுப்பு. தெற்குக்காரர் ஒருவர் மேல் ஒருவர் குப்புற விழுந்தார்கள். சஜீவன் கயிற்றோடு நாலு முழம் மணலில் இழுபட்டு வந்தான். எல்லோரும் விழுந்துகிடந்த அந்த மணலில் நின்ற ஒரே ஆள் இன்னாசிப்பிள்ளை. கயிறு இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு கையையும் நீட்டியபடி, நடுக்கோட்டில் நின்றார். எதிரே அஜித்தா. மல்லாந்து கிடந்தாள், கயிறு இன்னும் அவள் நெஞ்சின் மேல், இரண்டு கைப்பிடியிலும்.

வடக்கு வென்றுவிட்டது; ரஸாக் விசில் ஊத மறந்து நின்றார். முதலில் சிரித்தது றம்லா. பிறகு தெற்கிலிருந்த ஒரு சின்னப் பெண். பிறகு அடக்க முடியாமல் எல்லோரும். இன்னாசிப்பிள்ளை சிரிக்கவில்லை. நீட்டிய கையை மெல்ல இறக்கிவிட்டுக் கூடாரத்துக்குள் போனார். அந்த இரவு பாட்டுப்பெட்டி பாடியது, ஆட்டமும் இருந்தது. அமல்ராஜோடு சம்மாட்டி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அடுத்த சீசனின் கதை அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது.

காலையில் படகுகள் வருவதற்கு முன், முகாமின் சட்டி பானை எல்லாம் தண்ணீரடியில் குவிந்து கிடந்தன. இரண்டு நாள் விறகுக் கரி, நண்டுக் குழம்பு, அடிப்பிடித்த சோறு. தெற்குப் பெண்கள் ஒன்றும் நடக்காததுபோலச் சாரிசாரியாகக் கழுவ இறங்கினார்கள். முதலில் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் பாக்கியம்மா. அஜித்தா அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"வையுங்கோ மாமி."

"என்ன பிள்ளை கதைக்கிற? வயசு போன மனிசன்."

"சட்டம் போடேக்க வயசு போகல்லையே. எங்கட அப்பா கழுவினவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

உரிந்த உள்ளங்கைக்குத் துணி சுற்றியிருந்தாள். பாக்கியம்மா சட்டியை விடவில்லை. அஜித்தாவும் வழி விடவில்லை. அமல்ராஜ் கூடாரத்தைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை அவர் தலையைக் குனியவில்லை. அப்போது இன்னாசிப்பிள்ளை கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். ஒருவரையும் பார்க்காமல் நடந்து வந்து, மனைவியின் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு, தண்ணீரடியில் குந்தினார்.

அவருக்குக் கழுவத் தெரியாது என்பது பார்த்தவுடனே விளங்கியது. மீனை அலசுவதுபோல அலசினார். கரி முழங்கை வரை ஏறியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அஜித்தா போய், குவியலிலேயே பெரியதான சோற்றுப் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, அவருக்கு முன்னால் வைத்தாள்.

"இதையும் மாமா."

அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடி பிடிச்சிருக்கு," என்றார், தலை நிமிராமல். "மண் கொண்டா. தேய்க்கவேணும்."

சொல்லிப் பழகிய குரல். சொன்னதைக் கேட்டு ஓடிப் பழகிய கால் அஜித்தாவுக்கு அசைந்தது. அவள் அதை நிறுத்திக்கொண்டாள். களப்புவரைக்கும், கண்டல்வரைக்கும், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக மணல் கிடந்தது.

"உங்கட காலுக்குக் கீழதான் கிடக்குது மாமா."

முதல் படகின் எஞ்சின் சத்தம் தூரத்தில் கேட்டது. அவள் திரும்பி, மேட்டில் கிடந்த கயிற்றின் வடக்கு நுனியை எடுத்து, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றத் தொடங்கினாள். கீழே, தண்ணீரடியில், இன்னாசிப்பிள்ளை காலைச் சற்று நகர்த்தி, தான் குந்தியிருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.